உப்புக் காற்றிலிருந்து பழைய எஞ்சினைக் காப்பது எப்படி?

கடலோரத்தில் குடியிருக்கும் நமக்குக் கறளைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மருதமுனை முதல் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை வீட்டுக் கேற்றிலும், கிணற்றுக் கப்பியிலும், தையல் மெஷினின் காலிலும், சைக்கிள் செயினிலும் அதை நாம் நாளாந்தம் காண்கிறோம்.

இவற்றோடு சில வீடுகளின் பின்கொட்டிலில் ஒரு பழைய காரோ, லேன்ட்மாஸ்டரோ, தண்ணீர் இறைக்கும் மெஷினோ, படகு எஞ்சினோ கிடக்கும். போரில் கணவனை, மகனை, சகோதரனைப் பறிகொடுத்த வீடுகளில் அது வெறும் இரும்பு அல்ல. ஓட்டியவர் இல்லை, பொருள் மட்டும் இருக்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து கிலோக் கணக்கில் விலை கேட்கிறார். வைத்திருக்கவும் வழி தெரியவில்லை, விற்கவும் மனம் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு மாரியும் அந்தப் பொருளைத் தின்றுகொண்டே போகிறது.

சகோதரிகளே, விற்பதா வைத்திருப்பதா என்பதை நீங்களே ஆறுதலாக முடிவு செய்யுங்கள். அதுவரை அந்த எஞ்சின் உறுப்புகளைக் கறளிலிருந்து காத்து, பல வருடம் நிற்கக்கூடிய பூச்சுப் பூசுவது வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. அதற்குப் பெரிய பலம் தேவையில்லை, பொறுமை தேவை. அந்த வேலையின் முறையையும் ஆபத்துகளையும் இங்கே பார்ப்போம்.

பழசு என்று தள்ளிவிடாதீர்கள்

நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனர் கார் இங்கிலாந்தில் 1948 இல் வெளிவந்தது. 1971 உடன் அதன் உற்பத்தி நின்றது. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது; ஆனாலும் இலங்கையில் அந்தக் கார்களை அன்றாடத் தேவைக்குப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். 1990களிலிருந்து அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்து பிரிட்டனுக்கு அனுப்பியும் இருக்கிறார்கள்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 1990களின் முற்பகுதியில் அங்கே பெற்றோலுக்குத் தடை இருந்தது. மொறிஸ், ஒஸ்டின் போன்ற பழைய கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியைக் கொண்டுபோனதும் அந்தக் கார்கள்தான், கல்யாண வீட்டுக்குப் போனதும் அந்தக் கார்கள்தான். கனத்த வார்ப்பிரும்பினால் செய்யப்பட்ட, எளிய அமைப்புள்ள எஞ்சின்கள் என்பதால் அவை தாக்குப்பிடித்தன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வாகனங்களின் விலை ஏறியதை எல்லோரும் கண்டோம். தனியார் வாகனங்களை இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஆகவே பழைய எஞ்சின் ஒன்றுக்கு எந்தக் காலத்திலும் ஒரு பெறுமதி உண்டு. கறள் தின்ற எஞ்சினுக்குத்தான் இரும்பு விலை.

கறள் எப்படிப் பிடிக்கிறது?

இரும்பும், காற்றில் உள்ள ஒட்சிசனும், ஈரமும் சேர்ந்தால் கறள் உண்டாகும். உப்பு இருந்தால் அது இன்னும் விரைவாக நடக்கும். உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: காற்றில் உள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும். மாரி காலத்தில் உப்புச் சாடியில் தண்ணீர் விடுவது அதனால்தான். அதே உப்பு இரும்பின் மேல் படிந்தால், மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தபடியே இருக்கும்.

இங்கேதான் பலரும் தவறவிடும் விஷயம் இருக்கிறது. கறளைச் சுரண்டிவிட்டு மேலே நல்ல பெயின்ட் பூசுகிறோம். இரண்டு மாதத்தில் அது கொப்புளம் போட்டுக் கழன்று விழுகிறது. பெயின்ட் கூடாது என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். உண்மையில், கறளின் குழிகளுக்குள் இருந்த உப்பைக் கழுவாமல் மூடிவிட்டோம். அந்த உப்பு பெயின்டுக்குக் கீழே ஈரத்தை இழுத்துத் தன் வேலையைத் தொடர்கிறது. பூச்சு நிலைப்பது பெயின்டின் விலையை விட அதற்கு முந்திய துப்பரவிலேயே கூடுதலாகத் தங்கியிருக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தொடங்குவதற்கு முன்

முதலில், எஞ்சின் இலக்கம் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். அதை ஒருபோதும் சுரண்டவோ, அரத்தாளால் தேய்க்கவோ, தடிப்பான பெயின்டால் மூடவோ கூடாது. இலக்கம் அழிந்தால் விற்கும்போதும் பெயர் மாற்றும்போதும் பெரிய சிக்கல் வரும். துணியால் துடைத்து, மெல்லக் கிறீஸ் தடவி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

வாகனம் காணாமற்போன ஒருவரின் பெயரில் இருந்தால் பத்திரங்களைப் பற்றியும் விசாரியுங்கள். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டது. அதன்படி, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இல்லாத குடும்பங்கள் ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அவருடைய சொத்தைப் பராமரிக்க அது உதவும். விற்பது பற்றிய கேள்விகளுக்குப் பிரதேச செயலகத்திலோ சட்ட உதவி ஆணைக்குழுவிலோ கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

அடுத்தது, உறுப்புகளைக் கழற்றுவது. எஞ்சினை முழுதாக அவிழ்ப்பது மெக்கானிக்கின் வேலை. அதைத் தெரிந்த ஒருவரிடம் விடுங்கள். "காக்கா, இந்த மூடி, பேன், கப்பி எல்லாத்தையும் கழட்டித் தாங்க. சுத்தப்படுத்திப் பெயின்ட் அடிச்சு நான் கொண்டு வாறன்" என்று சொன்னால் போதும். எஞ்சினின் மேல்மூடி, எயார் கிளீனர் பெட்டி, பேன், கப்பிகள், தாங்கிகள், ஒயில் தேங்கும் அடித்தட்டு ஆகியவை ஒரு பேசினில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவரக்கூடியவை. ஒவ்வொன்றின் ஆணிகளையும் தனித்தனிப் போத்தலில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

துப்பரவு: ஐந்து படிகள்

1. கழுவுதல். கம்பித் தூரிகையைத் தொடும் முன்பே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் உப்பைக் குழிக்குள் இன்னும் தள்ளிவிடுவோம். தண்ணீரும் உப்பில்லாததாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நம் கரையோரக் கிணறுகள் எத்தனை உவர்ப்பாயின என்பது நினைவிருக்கும். கிணற்று நீர் கரித்தால் குழாய்த் தண்ணீரோ, சேர்த்துவைத்த மழைத்தண்ணீரோ பாவியுங்கள்.

2. எண்ணெய் நீக்குதல். பழைய கிறீசை மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். பிறகு சலவைத் தூளும் தண்ணீரும் கொண்டு கழுவி அலசுங்கள். பெற்றோல் வேண்டாம். அதன் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்படி வரை போய்த் தீப்பிடிக்கும்.

3. கறள் நீக்குதல். கம்பித் தூரிகையாலும் முரட்டு அரத்தாளாலும் உதிரும் கறளையும் கழலும் பெயின்டையும் எடுங்கள். தூசு பறக்காதபடி நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும். சாதாரண சிறு ஆணிகளை ஓர் இரவு வினாகிரியில் ஊறவைக்கலாம். காலையில் தேய்த்து, அப்பச்சோடாக் கரைசலில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் பூசுங்கள். சுருள்வில்களையும், பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட ஆணிகளையும் அமிலத்தில் போடக்கூடாது. அமிலம் கடினமான உருக்கை முறிந்துபோகச் செய்யும்.

4. குழியில் எஞ்சிய கறள். இதற்குக் கடையில் கறள் மாற்றும் திரவம் கிடைக்கும். வாழைக்காய் வெட்டிய கத்தி கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்ததால் வந்த கறுப்பு அது. சில திரவங்களில் இருப்பது அதே இனத்தைச் சேர்ந்த தனின் என்ற பொருள். வேறு சிலவற்றில் பொஸ்போரிக் அமிலம் இருக்கும். இரண்டும் எஞ்சிய கறளை நிலையான கறுப்புப் படையாக மாற்றும். தேயிலைச் சாயம் இதற்குப் போதாது. கடைத் திரவத்தையே அதன் லேபிளில் உள்ளபடி பாவியுங்கள்.

5. தண்ணீர்ச் சோதனை. சுத்தமான உறுப்பில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். சேம்பிலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்பவும் கழுவுங்கள். ஒரே படலமாக விரிந்தால் சுத்தம். பிறகு துணியால் ஒற்றி, வெயிலில் சூடான தகரத்தின் மேல் வைத்து நன்றாகக் காயவிடுங்கள். அன்றே முதற்பூச்சைப் பூசுங்கள். வெறும் இரும்பை ஓர் இரவு வைத்தாலே நம் கடற்காற்று அதை மஞ்சளாக்கிவிடும்.

எந்த உறுப்புக்கு எந்தப் பூச்சு?

எஞ்சினின் எல்லா இடமும் ஒரே சூடு அல்ல. தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினின் உடல் ஏறத்தாழ 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடாகும். மேல்மூடி, அடித்தட்டு, கப்பி, தாங்கி போன்றவற்றுக்கு முதலில் சிங்க் பொஸ்பேற் பிரைமரோ நல்ல ரெட் ஒக்சைட் பிரைமரோ பூசி, அதன்மேல் எஞ்சினுக்கென்று விற்கப்படும் எனாமலைப் பூசலாம். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று லேபிளில் பாருங்கள்.

புகை வெளியேறும் குழாயும் அதன் தலைப்பும் பல நூறு பாகை சூடாகும். அங்கே சாதாரண எனாமல் கருகிப் புகைந்து உதிர்ந்துவிடும். சிலிக்கோன் கலந்த, சூடு தாங்கும் பெயின்டே அதற்கு வேண்டும். லேபிள் கேட்டாலொழிய அதற்குக் கீழே பிரைமர் பூசக்கூடாது. இந்தப் பெயின்ட் சூடு பட்டுத்தான் இறுகும். பொருத்திய பின் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆறவைத்து, மறுபடி சற்றுக் கூடுதலாக ஓடவிட்டு ஆறவைத்துப் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். இதை வெட்டவெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய கொட்டிலில் ஓடும் எஞ்சினின் புகை மணமில்லாமலே ஆளைக் கொல்லும்.

அலுமினியப் பாகங்களில் இரும்புக்கான பிரைமர் ஒட்டாது, உரிந்துவிடும். அலுமினியத்துக்கென்று குறிப்பிட்ட பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். கோஸ்டிக் சோடா கலந்த எதையும் அலுமினியத்தில் ஊற்றாதீர்கள். அது உலோகத்தையே அரித்துவிடும்.

பூசும் நாளும் முறையும்

ஐப்பசி தொடங்கித் தை வரையிலான மாரியில் இந்த வேலை சரிவராது. மழை ஓய்ந்த மாதங்களே நல்லவை. கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும் நாளையும் தவிருங்கள். காலையில் பனி விலகிய பின் தொடங்கி, மாலை ஈரம் இறங்குமுன் முடித்துவிடுங்கள். இரும்பு கைபொறுக்காத சூட்டிலும் இருக்கக்கூடாது.

தடிப்பாக ஒரு தரம் பூசுவதை விட மெல்லியதாக மூன்று தரம் பூசுவது பலமானது. தடித்த பூச்சு மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். விளிம்புகளிலும் மூலைகளிலும் பெயின்ட் நிற்காமல் வழுகிவிடும். கறள் முதலில் பிடிப்பதும் அங்கேதான். ஆகவே சிறிய தூரிகையால் விளிம்புகளை முதலில் ஒருமுறை பூசிவிட்டு, பிறகு முழுவதையும் பூசுங்கள். ஓர் இரவு கழித்து அடுத்த பூச்சுப் பூசுவதானால், உப்பில்லாத தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவைத்த பின் பூசுங்கள். இரவில் உப்புக் காற்று படிந்திருக்கும்.

பூசக்கூடாத இடங்கள்

* இரண்டு உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் மட்டமான முகங்கள். பெயின்ட் இருந்தால் ஒயில் கசியும்.
* ஆணிப் புரிகள், பிளக் துவாரம், எஞ்சினின் உட்புறம். இவற்றை டேப்பாலும் துணியாலும் அடைத்துவிட்டே தொடங்குங்கள்.
* பற்றரியின் எர்த் வயர் எஞ்சினில் பிடிக்கும் இடம். பெயின்ட் மின்சாரத்தைத் தடுக்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.
* றப்பர்க் குழாய்களும் பட்டிகளும்.
* படகு எஞ்சினில் பொருத்தியிருக்கும் சாம்பல் நிற சிங்க் கட்டி. அது தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றுவது. 1824 இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி கப்பல்களுக்காகக் கண்டறிந்த வழி இது. அதற்குப் பெயின்ட் பூசினால் அது வேலை செய்யாது, எஞ்சின்தான் கரையும்.

உங்கள் உடல் முக்கியம்

பெயின்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இலங்கையில் 2011 இல் வர்த்தமானியில் வெளிவந்தது. அதற்கு முந்திய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஈயத் தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய பெயின்டை எரித்தோ, உலர்வாகத் தேய்த்தோ எடுக்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, கழிவைத் துணியில் வழித்து எடுங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

பழைய கார்களின் பிரேக், கிளச் தேய்பட்டைகளிலும் சில கேஸ்கட்களிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அதை ஊதவோ தேய்க்கவோ கூடாது. நனைத்து, பையில் கட்டி ஒதுக்குங்கள்.

கடினமாக்கி சேர்த்து இயந்திரத்தால் விசிறும் இரட்டைக் கலவைப் பெயின்டை வீட்டில் பாவிக்கவே வேண்டாம். அது மாறாத இழுப்பு நோயைக் கொண்டுவரக்கூடியது. தூரிகையால் பூசும் பெயின்டே வீட்டுக்கு ஏற்றது. துணி முகக்கவசம் தின்னர் ஆவியைத் தடுக்காது. திறந்த வெளியும் காற்றோட்டமுமே பாதுகாப்பு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த வேலையிலிருந்து விலகியிருப்பது நல்லது. றப்பர்க் கையுறை போடுங்கள். எரிந்த எஞ்சின் ஒயிலைக் கறளுக்கு மருந்தென்று வெறுங்கையால் பூசும் பழக்கம் உண்டு. அதில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன.

இந்த வேலைக்குப் பாவித்த பேசினும் சட்டியும் சமையலுக்குத் திரும்பக்கூடாது. மண்ணெண்ணெயும் தின்னரும் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், குளிர்பானப் போத்தலில் ஊற்றாமல் இருக்கட்டும். கழிவைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். பெயின்ட் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், விரித்துக் காயப்போடுங்கள்.

இதை ஒரு தொழிலாக்கலாமா?

ஆகலாம். ஆனால் முதல் உறுப்பிலேயே காசு எதிர்பார்க்காதீர்கள். உங்கள் வீட்டுப் பொருளில் பழகுங்கள். ஒரு மாரி கழித்து அதைப் பாருங்கள். பூச்சு அப்படியே நின்றால் அதையே மற்றவர்களுக்குக் காட்டலாம்.

நம் வயல்களில் ஓடும் லேன்ட்மாஸ்டர்களும், கரையில் நிற்கும் படகு எஞ்சின்களும், தண்ணீர் மெஷின்களும் கறளுக்குத் தப்பியவை அல்ல. கராஜில் அவசர வேலைகள் குவிந்திருக்கும்போது, ஓர் உறுப்பை மூன்று நாள் கழுவிக் காயவைத்துப் பூச அங்கே ஆளுக்கு நேரம் இராது. அந்த நேரத்தைத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள். தெரிந்த கராஜ் ஒன்றோடு பேசி, கழற்றிய உறுப்புகளை வாங்கிச் செய்துகொடுக்கலாம். இரண்டு மூன்று சகோதரிகள் சேர்ந்தால் தூரிகை, பெயின்ட் செலவைப் பகிரலாம். பக்கத்து வீட்டு ராத்தாவோ, அடுத்த ஊர் அக்காவோ, யார் சேர்ந்தாலும் நல்லதே.

ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எந்த உறுப்பு, எந்தத் திகதி, எந்தப் பெயின்ட், எத்தனை பூச்சு, எவ்வளவு செலவு, எத்தனை மணித்தியாலம். கூலி கேட்கும்போது பொருட்செலவை மட்டும் கணக்கிட்டு உங்கள் நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

பூசி முடித்த பின்னும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, எங்காவது கீறல் விழுந்திருந்தால் அன்றே தொட்டுப் பூசிவிடுங்கள். படகு எஞ்சினானால் கடலிலிருந்து வந்த ஒவ்வொரு தடவையும் உள்ளேயும் வெளியேயும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு சிறு கீறலால் நுழையும் உப்பு முழுப் பூச்சையும் கிளப்பிவிடும்.

அந்தப் பின்கொட்டிலுக்கு இந்த வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். மேலே கிடக்கும் சாக்கை எடுத்துவிட்டு, இலக்கத்தை வாசித்து, பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். விற்றாலும் சரி, வைத்திருந்தாலும் சரி, அதன் பெறுமதியைத் தீர்மானிப்பவர் இரும்பு வாங்க வருபவராக இருக்கக்கூடாது.